கிட்டாரை அரைக் கட்டை இறக்கியபோது கம்பிகளைத் தேர்ந்த விதம்

எங்கள் சிறு குழுவில் பாடும் அண்ணனுக்கு, மூன்று கட்டையில் அமைந்த பாடல்களின் உச்ச இடங்கள் கடந்த சில மாதங்களாகச் சிரமம் தரத் தொடங்கியிருந்தன. ஒரு நாள் ஒத்திகை முடிந்ததும் அவர், "தம்பி, அரைக் கட்டை இறக்கிக் கொடுத்தால் போதும், மேலே நின்று பாடிவிடுவேன்" என்றார். கீபோர்டு வாசிப்பவர் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் அவருடைய வேலை முடிந்தது. கிட்டாருக்கு அப்படி ஒரு பொத்தான் கிடையாது. கழுத்தின் குறுக்கே எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்பான கேப்போவைப் பூட்டினால் சுருதி ஏறுமே தவிர இறங்காது. எல்லாக் கார்டுகளையும் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகளை) பார் பிடித்து, அதாவது ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் குறுக்கே அழுத்தி, வேறு இடத்தில் வாசிக்கலாம் என்றாலும், திறந்த கம்பிகள் சேர்ந்து முழங்குவதால் மட்டுமே அழகு பெறும் பகுதிகள் அந்தப் பாடல்களில் நிறைய இருந்தன; அவற்றைப் பார் கார்டுக்கு மாற்றினால் ஒலி ஒடுங்கிவிடும். ஆகவே கிட்டாரின் ஆறு கம்பிகளையும் அரைக் கட்டை இறக்கி, நிரந்தரமாக அங்கேயே நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்குப் பொருத்தமான கம்பிகளைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வாரங்கள் ஆயின. அந்த ஆறு வாரங்களில் அளந்தவற்றையும் கற்றவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

'அரைக் கட்டை' என்ற நம் வழக்குச் சொல் இந்த வேலைக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது. ஆர்மோனியத்தில் சி ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று என்று எண்ணிக்கொண்டு போனால், கிட்டாரின் திறந்த கம்பிகளான ஈ, ஏ, டி, ஜி, பி ஆகிய அனைத்தும் வெள்ளைக் கட்டைகளில் விழுகின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கத்தில் ஒட்டியபடி ஒரு கறுப்புக் கட்டை இருக்கிறது. இடப்பக்கம் கறுப்பு இல்லாத வெள்ளைக் கட்டைகள் சி, எஃப் ஆகிய இரண்டு மட்டுமே. கிட்டாரின் எந்தத் திறந்த கம்பியும் அவற்றில் இல்லை. எனவே மூன்று இரண்டரையாகிறது, ஆறு ஐந்தரையாகிறது, இரண்டு ஒன்றரையாகிறது, ஐந்து நாலரையாகிறது, ஏழு ஆறரையாகிறது. எங்கள் ஆல்டோ சாக்ஸபோன் கலைஞருக்கும் இதில் ஒரு வசதி கிடைத்தது. அவருடைய கருவி ஈ ஃப்ளாட்டில், அதாவது இரண்டரைக் கட்டையில், அமைந்தது என்பதால், நான் ஈ கார்டின் வடிவத்தைப் பிடிக்கும் இடத்தில் அவர் தம் சி-யை ஊதினால் போதும்.

என் கிட்டார் ஸ்ட்ராடோகாஸ்டர் வகையைச் சேர்ந்தது. தலைப்பகுதியருகே கம்பிகளைத் தாங்கும் பள்ளமிட்ட பட்டையான நட்டிலிருந்து, மறுமுனையில் பிரிட்ஜின் மேல் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சேடில் வரை 25.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 648 மி.மீ. நீளம், கம்பிகளின் இழுப்புக்கு எதிராகப் பின்புறம் மூன்று ஸ்பிரிங்குகள் தாங்கும், அசையக்கூடிய ட்ரெமலோ பிரிட்ஜ். அதில் பல ஆண்டுகளாக '10 செட்' என்று கடைகளில் கேட்டு வாங்கும் கம்பிகளையே போட்டுவந்தேன். முதல் கம்பியிலிருந்து தொடங்கி 10, 13, 17, 26, 36, 46 என்பவை அதன் அளவுகள். இந்த எண்கள் கம்பியின் விட்டத்தை அங்குலத்தில் ஆயிரத்திலொரு பங்காகச் சொல்பவை. 10 என்றால் 0.010 அங்குலம், ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். முதல் மூன்றும் சுற்றில்லாத எஃகுக் கம்பிகள்; மற்ற மூன்றும் எஃகு நடுக்கம்பியின் மேல் நிக்கல் பூசிய கம்பி சுற்றியவை.

முதலில் கம்பிகளை மாற்றாமல், இருந்ததையே இறக்கிப் பார்த்தேன். கிளிப் ட்யூனரில் டி ஷார்ப், ஏ ஷார்ப், எஃப் ஷார்ப் என்று காட்டும்வரை ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தினேன். (ஈ ஃப்ளாட்டும் டி ஷார்ப்பும் ஒரே சுரம்தான், பெரும்பாலான ட்யூனர்கள் ஷார்ப் பெயரையே காட்டும்.) ஆறாம் கம்பிக்கு வருவதற்குள் முதல் கம்பி சுருதி ஏறியிருந்தது. மீண்டும் மீண்டும் சுற்றி வந்து நான்காம் சுற்றில்தான் எல்லாம் நிலைத்தன. மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் இது இயல்பு: கம்பிகளின் மொத்த இழுவிசை குறையும்போது பின்புற ஸ்பிரிங்குகள் பிரிட்ஜைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கின்றன, அதனால் ஏற்கெனவே சுருதி சேர்த்த கம்பிகள் மீண்டும் சற்று முறுக்கேறுகின்றன. வழக்கமாக உடலிலிருந்து 3 மி.மீ. எழும்பி நிற்கும் என் பிரிட்ஜின் பின்விளிம்பு, சுருதி சேர்ந்து முடிந்தபோது 1 மி.மீ. உயரத்துக்குத் தாழ்ந்திருந்தது. அதனுடன் கம்பிகளும் ஃப்ரெட்களை, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளை, நெருங்கின. 17ஆம் ஃப்ரெட்டில் 1.6 மி.மீ. இருந்த உயரம் 1.3 மி.மீ. ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் இன்னொரு மாற்றம் தெரிந்தது. கம்பிகளின் இழுவிசைதான் கிட்டாரின் கழுத்தை மெல்லிய வில்போல முன்னோக்கி வளைத்து வைத்திருக்கிறது. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் அதற்கு எதிராக நின்று சமநிலை தருகிறது. இழுவிசை குறைந்ததும் ட்ரஸ் ராடின் கை ஓங்கி, கழுத்து நேராகிவிட்டது. முதல் ஃப்ரெட்டில் கேப்போ பூட்டி, 17ஆம் ஃப்ரெட்டில் விரலால் அழுத்திக்கொண்டு, 8ஆம் ஃப்ரெட்டுக்கும் ஆறாம் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளப்பது வழக்கம். இருசக்கர வாகன மெக்கானிக்குகள் டேப்பெட் இடைவெளி பார்க்கப் பயன்படுத்தும் அதே ஃபீலர் கேஜ் இதற்குப் போதும். முன்பு 0.25 மி.மீ. தகடு உரசியபடி நுழைந்த இடத்தில் இப்போது 0.15 மி.மீ. தகடுதான் நுழைந்தது.

வாசித்துப் பார்த்ததில் முதல் சில நிமிடங்கள் இன்பமாகவே இருந்தன. கம்பிகள் விரலுக்கு இளகின. ஒலியில் ஒரு கனிவு கூடியிருந்தது. ஆனால் ரிதம் அழுத்தமாக அடிக்கத் தொடங்கியதும் ஐந்தாம், ஆறாம் கம்பிகள் ஃப்ரெட்களில் தட்டி ஓசையிட்டன. அதைவிடப் பெரிய தொல்லை மூன்றாம் கம்பியில் இருந்தது. திறந்த நிலையில் சரியாகச் சேர்ந்திருந்த அது, முதல் ஃப்ரெட்டில் விரல் பட்டதும் சுருதி ஏறிப்போனது. தளர்ந்த கம்பியில் விரல் அழுத்தத்தால் சேரும் சிறு கூடுதல் இழுப்பும் விகிதத்தில் பெரிதாகிவிடுவதுதான் இதற்குக் காரணம். பாடுபவரின் சுருதிக்காகச் செய்த மாற்றம் சுருதியையே குலைத்தால் அதில் பொருளில்லை. இந்த நிலையில் பிரிட்ஜையும் கழுத்தையும் சரிசெய்து, தளர்ந்த கம்பிகளோடு பழகிக்கொள்பவர்களும் உண்டு. மென்மையாக வாசிப்பவர்களுக்கு அது போதும். எங்கள் குழுவில் நான் அழுத்தமாக ரிதம் அடிக்க வேண்டியவன்.

கணக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் எடுத்த எல்லா முடிவுகளும் அதில் நிற்கின்றன. ஒரு ஸப்தகத்தைப் பன்னிரண்டு சம படிகளாகப் பிரிக்கும்போது, அடுத்தடுத்த இரண்டு படிகளின் அதிர்வெண் விகிதம் 1.0595. ஆறாம் கம்பி விநாடிக்கு 82.4 அதிர்வுகளிலிருந்து 77.8-க்கு இறங்குகிறது, முதல் கம்பி 329.6-லிருந்து 311.1-க்கு இறங்குகிறது. கம்பியின் நீளமும் எடையும் மாறாதபோது இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பின்பற்றும். 1.0595-ஐ அதனாலேயே பெருக்கினால் 1.1225, ஒன்றை அதனால் வகுத்தால் 0.891. அதாவது அரைக் கட்டை இறக்கியவுடன் ஒவ்வொரு கம்பியும் தன் இழுவிசையில் ஏறத்தாழ 11 விழுக்காட்டை இழக்கிறது. கம்பி தயாரிப்பாளர்களான டடாரியோ நிறுவனம் வெளியிடும் இழுவிசை அட்டவணையை எடுத்துக் கிலோவுக்கு மாற்றினேன். என் பழைய 10 செட், வழக்கமான சுருதியில், முதல் கம்பியிலிருந்து 7.35, 6.99, 7.53, 8.35, 8.85, 7.94 கிலோ என்று இழுத்தது. மொத்தம் 47 கிலோ. அரைக் கட்டை இறங்கியதும் மொத்தம் 41.9 கிலோ ஆனது. ஐந்து கிலோவுக்கு மேல் விசை குறைந்த பிறகு பிரிட்ஜ் தாழ்ந்ததும் கழுத்து நிமிர்ந்ததும் வியப்பில்லை.

இழந்ததை மீட்க, கம்பியின் எடை கூட வேண்டும். ஒரே எஃகால் ஆன சுற்றில்லாத கம்பியின் எடையும் விட்டத்தின் வர்க்கத்தையே பின்பற்றுவதால், இங்கே கணக்கு எளிதாகிவிடுகிறது: அதிர்வெண் எத்தனை மடங்கு குறைந்ததோ, விட்டத்தை அத்தனை மடங்கு கூட்டினால் போதும். 10-க்கு 10.6, 13-க்கு 13.8, 17-க்கு 18. இதில் 18 கடையில் கிடைக்கும் அளவு. 13.8-க்குப் பதில் 13.5 அல்லது 14 கொள்ளலாம். 10.6-க்கு நெருக்கமானது 10.5, ஆனால் அது எல்லாச் செட்டிலும் வருவதில்லை. சுற்றுக் கம்பிகளுக்கு இந்த எளிய கணக்கு முழுமையாகப் பொருந்தாது. நடுக்கம்பியின் தடிமனும் சுற்றுக் கம்பியின் தடிமனும் அளவுக்கு அளவு மாறுவதால், வெளிவிட்டத்தை வைத்து எடையைத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. அவற்றுக்குத் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்ப்பதே நல்லது.

சந்தையில் இதற்கு ஏற்றவையாக எனக்குத் தெரிந்தவை மூன்று. எர்னி பால் நிறுவனத்தின் மெகா ஸ்லிங்கி 10.5-இல் தொடங்கி 48-இல் முடிகிறது. அதே நிறுவனத்தின் பவர் ஸ்லிங்கி 11 முதல் 48 வரை. டடாரியோவின் 11 செட் 11, 14, 18, 28, 38, 49. மூன்றையும் தாளில் எழுதி ஒப்பிட்டபோது என் கண் கடைசிக் கம்பியில் நின்றது. 49 அளவுள்ள ஆறாம் கம்பி அரைக் கட்டை இறங்கிய நிலையில் 7.94 கிலோ இழுக்கிறது. என் பழைய 46 வழக்கமான சுருதியில் இழுத்ததும் அதே 7.94. அடித்தட்டில் உறுதி வேண்டும் என்பதுதான் என் முதல் தேவை என்பதால் 11 முதல் 49 வரையிலான செட்டை வாங்கினேன். அரைக் கட்டை இறங்கிய நிலையில் அதன் மொத்த இழுவிசை 47.9 கிலோ, பழைய நிலையைவிட ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் கூடுதல்.

இதைப் பற்றிப் பேசும்போது, அரைக் கட்டை இறக்கி வாசித்த அமெரிக்க ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வானின் பெயரை யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அவர் முதல் கம்பியாக 13-ஐப் போட்டவர். அதைக் கேட்டு ஆசைப்பட்டு 12, 13 என்று ஏறிப் போகும் இளைஞர்களிடம் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே தோன்றுகிறது. அரைக் கட்டை இறக்கிய பிறகும் 13 அளவுள்ள முதல் கம்பி 11 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. என் பழைய முதல் கம்பியைப்போல ஒன்றரை மடங்கு. சுருதி இறக்கியதால் கிடைக்கும் தளர்வு 11 விழுக்காடு மட்டுமே; அது 10-லிருந்து 10.6-க்குப் போவதை ஈடுகட்டும், 13-க்குப் போவதை ஈடுகட்டாது. அவருடைய விரல்களின் வலிமை அவருக்கு உரியது. மேடையில் பெரும்பாலும் இதே அரைக் கட்டை இறக்கிய சுருதியில் வாசித்த ராக் கிட்டாரிஸ்ட் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மெல்லிய கம்பிகளையே விரும்பினார் என்பதையும் சேர்த்துச் சொன்னால், தடித்த கம்பி கட்டாயமன்று என்பது விளங்கும்.

கம்பி மாற்றும் நாளில், முதலில் பிரிட்ஜின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் நடுவே 3 மி.மீ. கனமுள்ள அட்டையை மடித்துச் செருகினேன். இது பிரிட்ஜ் ஒரேயடியாகச் சாய்ந்துவிடாமல் தடுக்கும். வேலை முடிந்த பிறகு சமநிலையைப் பார்க்கவும் உதவும். எல்லாக் கம்பிகளையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒன்றைக் கழற்றி ஒன்றைப் பூட்டியபடி போனேன். ட்யூனிங் போஸ்ட்டில் தடித்த கம்பிகளுக்கு இரண்டு சுற்றும், மெல்லியவற்றுக்கு மூன்று சுற்றும் இருக்குமாறு விட்டு வெட்டினேன். ஒவ்வொரு கம்பியையும் பூட்டியதும் விரலால் மெல்ல இழுத்து நீட்டி, மறுபடி சுருதி சேர்த்தேன்.

நட்டில்தான் வேலை நின்றது. ஆறாம் கம்பியைச் சுருதிக்கு ஏற்றும்போது அது சீராக ஏறாமல், ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிட்டு 'டிங்' என்ற சிறு ஓசையுடன் சட்டெனத் தாவியது. 46-க்காக வெட்டப்பட்ட பள்ளத்தில் 49 இறுகிக்கொண்டது. வெர்னியரில் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.08 மி.மீ.தான், ஆனாலும் அது கம்பியைப் பிடித்து நிறுத்தப் போதுமானது. நட் பள்ளத்துக்கென்றே வரும் அரங்கள் என்னிடம் இல்லை. பழைய 36 கம்பியின் துண்டு ஒன்றின் மேல் 600 எண் உப்புத்தாளை ஒரு மடிப்புச் சுற்றி அளந்ததில் 1.3 மி.மீ. வந்தது, 49 கம்பியின் விட்டம் 1.24 மி.மீ. என்பதால் இது பொருத்தமான அரமாகிவிட்டது. பள்ளத்தின் அடி ஆழமாகாமல் பக்கச் சுவர்கள் மட்டும் விரியும்படி பத்துப் பன்னிரண்டு முறை மெதுவாக இழுத்தேன்.

இங்கே ஒரு தவறு செய்தேன். அரத்தைத் தட்டையாகப் பிடித்து இழுத்ததால் பள்ளத்தின் முன்விளிம்பு, அதாவது ஃப்ரெட் பக்கம் இருக்கும் விளிம்பு, மழுங்கிவிட்டது. கம்பியை மீண்டும் பூட்டித் தட்டியதும் திறந்த ஆறாம் கம்பி தம்பூராவைப்போல ரீங்கரித்தது. தம்பூராவில் பிரிட்ஜின் வளைந்த பரப்பில் நூலைச் செருகி நாம் விரும்பிப் பெறும் ஜீவா அது. கம்பி ஒரு புள்ளியில் தெளிவாக முடியாமல் பரப்பின் மேல் உரசி அதிர்வதால் பிறப்பது. கிட்டாரின் நட்டில் அது கூடாது. கம்பி முன்விளிம்பில் ஒரே புள்ளியில் தாங்கி நின்று, அங்கிருந்து தலைப்பகுதியை நோக்கிச் சரிந்து இறங்க வேண்டும். அரத்தின் பின்முனையைத் தாழ்த்திப் பிடித்து, தலைப்பகுதிப் பக்கம் மட்டும் தேயும்படி மீண்டும் சில முறை இழுத்ததும் ரீங்காரம் நின்றது. ஆழம் கெட்டுவிடவில்லை என்பதை, கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் இன்னும் மயிரிழை இடைவெளி இருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். நான்காம், ஐந்தாம் பள்ளங்களுக்கும் இதேபோல் இன்னும் மெல்லிய துண்டுகளால் சிறிது வேலை தேவைப்பட்டது. சுற்றில்லாத மூன்று கம்பிகளின் பள்ளங்களில் ஏற்கெனவே இடம் இருந்தது. அவற்றில் மென்மையான பென்சிலின் கரித்தூளைத் தடவியதோடு விட்டுவிட்டேன்.

கம்பிகள் எல்லாம் இரண்டரைக் கட்டைக்கு வந்ததும் அட்டையை உருவினேன். பிரிட்ஜின் பின்விளிம்பு 3 மி.மீ.-ஐச் சற்றுத் தாண்டி எழுந்தது. கூடுதலான அந்த ஒரு கிலோவின் வேலை அது. பின்மூடியைத் திறந்து, ஸ்பிரிங் கொக்கியை மரத்தோடு பிணைக்கும் இரண்டு நீண்ட திருகுகளையும் கால் சுற்று உள்ளே திருப்பி, மறுபடி சுருதி சேர்த்தபோது 3 மி.மீ.-க்கு வந்து நின்றது. கழுத்தை ஓர் இரவு விட்டுவைத்து மறுநாள் அளந்தேன், 0.25 மி.மீ. தகடு பழையபடி உரசி நுழைந்தது. ட்ரஸ் ராடைத் தொட வேண்டியிருக்கவில்லை. மொத்த இழுவிசை பழைய நிலைக்கு ஏறத்தாழத் திரும்பிவிட்டால் கழுத்தும் தானே திரும்பும் என்ற எதிர்பார்ப்பு இங்கே உறுதியாயிற்று. இந்த வரிசையை மட்டும் மாற்றக் கூடாது: கழுத்து வளைவு, பிரிட்ஜ் சமநிலை, கம்பி உயரம் ஆகியவை முடிந்த பிறகே சேடிலின் முன்பின் நகர்வைச் சரிசெய்ய வேண்டும், முன்னவற்றில் எது மாறினாலும் பின்னது கெடும்.

சேடில் வேலையை, இறக்கிய சுருதியிலேயே செய்தேன். 12ஆம் ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாக வைத்து எழுப்பும் ஹார்மோனிக்கையும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிட வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னே நகர்த்த வேண்டும். தடித்த கம்பி வளைந்துகொடுப்பதில் மெல்லியதைவிடச் சற்று விறைப்பானது என்பதால் ஆறு சேடில்களுமே பின்னே போக வேண்டியிருந்தது. அதிகமாக நகர்ந்தது மூன்றாம் கம்பியின் சேடில். ஏறத்தாழ 1 மி.மீ. அதன் பிறகு அந்தக் கம்பி கார்டில் கலந்து ஒலித்ததைக் கேட்டபோது, செய்த வேலைக்கெல்லாம் பலன் கிடைத்த நிறைவு வந்தது.

அடுத்த இரண்டு வாரங்கள் இந்தச் செட்டிலேயே ஒத்திகையும் இரண்டு நிகழ்ச்சிகளும் நடந்தன. கீழ் மூன்று கம்பிகளும் நான் விரும்பியபடியே அமைந்தன. எவ்வளவு அழுத்தி அடித்தாலும் ஓசை பிசிறவில்லை. ஆனால் தனி வாசிப்பு வரும் இடங்களில் கை ஏதோ ஒன்றோடு போராடியது. சுருதி உயர மூன்றாம் கம்பியை விரலால் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் நினைத்த இடத்தில் நிற்கிறது, இரண்டாவதும் அப்படியே, முதல் கம்பியில் மட்டும் இழுப்பு ஒவ்வொரு முறையும் சுருதிக்குச் சற்றுக் கீழேயே நின்றது. முதலில் விரல் பழகவில்லை என்றே எண்ணினேன். பிறகு தாளை மீண்டும் எடுத்து, மொத்தத்தைப் பார்க்காமல் கம்பி கம்பியாகப் பார்த்தேன்.

பழைய செட்டில், பழைய சுருதியில், மெல்லிய மூன்று கம்பிகளும் 7.35, 6.99, 7.53 கிலோ இழுத்தன. அவற்றுள் மூன்றாவதுதான் இறுக்கமானது. முதலாவது அதைவிடக் கொஞ்சம் இளகியது. புதிய செட்டில், இறக்கிய சுருதியில், அவை 7.92, 7.21, 7.52. மூன்றாவது ஏறத்தாழ இம்மியும் மாறவில்லை. இரண்டாவது 3 விழுக்காடு கூடியிருக்கிறது. முதலாவது மட்டும் ஏறத்தாழ 8 விழுக்காடு கூடி, மூன்றிலும் இறுக்கமானதாகிவிட்டது. மூன்று கம்பிகளுக்குள் பல ஆண்டுகளாக இருந்து வந்த முறை மாறிவிட்டது. ஒரு கம்பியை ஒரு முழு சுரம் உயர இழுக்க அதன் இழுவிசை 26 விழுக்காடு ஏற வேண்டும். பழைய முதல் கம்பி உச்சத்தில் 9.3 கிலோவில் நின்ற இடத்தில், இப்போது 10 கிலோ. என் விரல்களின் நினைவில் இருந்தது தனித்தனிக் கம்பிகளின் இறுக்கமன்று. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது எவ்வளவு கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்ற அந்த உறவு. 47-க்கு 47.9 என்று மொத்தத்தை ஒப்பிட்டு நிம்மதி அடைந்தது எவ்வளவு குறைவான அளவுகோல் என்பது அப்போதுதான் புரிந்தது.

இதற்கு மருந்து ஒரே ஒரு கம்பிதான். 10.5 அளவுள்ள சுற்றில்லாத கம்பியைத் தனியாகத் தேடினேன். உள்ளூர்க் கடைகளில் 9, 10, 11 ஆகியவை தனிக் கம்பிகளாகக் கிடைத்தன. அரை எண் கிடைக்கவில்லை. இணையத்தில் ஆர்டர் செய்து பத்து நாட்களில் ஐந்து கம்பிகள் வந்து சேர்ந்தன. 10.5 இரண்டரைக் கட்டையில் 7.22 கிலோ இழுக்கிறது. இப்போது வரிசை 7.22, 7.21, 7.52, மூன்றாவது மீண்டும் இறுக்கமானதாகவும், முதலிரண்டும் அதைவிட இளகியவையாகவும் ஆயின. ஆறின் மொத்தம் 47.2 கிலோ. கொக்கித் திருகுகளில் முன்பு கொடுத்த கால் சுற்றில் பெரும்பகுதியைத் திருப்பி எடுத்தேன். முதல் கம்பியின் சேடிலை ஒரு துளி முன்னே கொண்டுவந்தேன். நட்டின் பள்ளத்தில் மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை.

அன்று மாலை வாசித்தபோது முதல் கம்பியின் இழுப்பு நினைத்த சுரத்தில் போய் நின்றது. இரண்டாவதற்கு 13.5 போட்டால் 6.71 கிலோ வரும். அது பழைய 6.99-ஐவிட 4 விழுக்காடு குறைவு, 14 அதைவிட 3 விழுக்காடு கூடுதல். இரண்டுக்கும் நடுவில் கடையில் எதுவும் இல்லாததாலும், இரண்டாம் கம்பி கார்டுகளில் சற்று மெலிந்து ஒலிப்பது முன்பிருந்தே எனக்குக் குறையாக இருந்ததாலும் 14-ஐயே வைத்துக்கொண்டேன். ஆக என் செட் 10.5, 14, 18, 28, 38, 49. மெகா ஸ்லிங்கியை எடுத்திருந்தால் 10.5 அதிலேயே கிடைத்திருக்கும். மேல் கம்பிகளில் தனி வாசிப்பே பெரும்பகுதியாக உள்ளவர்களுக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். அதன் 48 ஆறாம் கம்பி 49-ஐவிட ஏறத்தாழ 4 விழுக்காடு இளகியது. அழுத்தி ரிதம் வாசிக்கும் எனக்கு அந்த 4 விழுக்காடு பெரிது.

குழுவின் இன்னொரு கிட்டாரிஸ்டிடம் இருப்பது லெஸ் பால் வடிவக் கிட்டார். அதன் கம்பி நீளம் 24.75 அங்குலம். நீளமும் கணக்கில் வர்க்கமாகவே நுழைவதால், அதே கம்பி அதே சுருதியில் அவருடைய கருவியில் ஏறத்தாழ 6 விழுக்காடு குறைவாக இழுக்கிறது. அவர் 10 செட்டை அப்படியே அரைக் கட்டை இறக்கினால், என் பழைய இறுக்கத்தோடு ஒப்பிட 16 விழுக்காடு குறைந்துவிடும். அவர் 11 முதல் 49 வரையிலான செட்டை எந்த மாற்றமும் இல்லாமல் போட்டுக்கொண்டார். அவருடைய கருவியில் 11 அளவுள்ள முதல் கம்பி 7.46 கிலோதான் இழுக்கிறது என்பதால், எனக்கு வந்த தொல்லை அவருக்கு வரவில்லை. நிலையான பிரிட்ஜ் என்பதால் ஸ்பிரிங் வேலையும் இல்லை. வீட்டில் இருக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரில் 12 செட் போட்டிருக்கிறேன். அதை அரைக் கட்டை இறக்கியபோது எதையும் மாற்றவில்லை. அதன் கம்பிகள் தொடக்கத்திலேயே மிக இறுக்கமானவை என்பதால் 11 விழுக்காடு தளர்வு விரலுக்கு நன்மையாகவே அமைந்தது. உயரமும் அதிகம் என்பதால் ஃப்ரெட்டில் தட்டவில்லை.

வழக்கமான சுருதியிலேயே வாசிக்க வேண்டிய பாடல்கள் சில இன்னும் எங்கள் பட்டியலில் உள்ளன. அவற்றுக்கு முதல் ஃப்ரெட்டில் கேப்போவைப் பூட்டினால் கிட்டார் மூன்று கட்டைக்கு வந்துவிடுகிறது. கேப்போவின் அழுத்தத்தில் மூன்றாம் கம்பி மட்டும் சற்று ஏறும் என்பதால் பூட்டியதும் அதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறேன். கிட்டார் பெட்டியின் உள்மூடியில் ஒரு தாளை ஒட்டி, ஆறு கம்பிகளின் அளவுகளையும், கழுத்து இடைவெளி 0.25, கம்பி உயரம் 1.6, பிரிட்ஜ் உயரம் 3 என்ற எண்களையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை கம்பி மாற்றும்போதும் செட்டிலிருந்து ஒரு 11 மீந்துபோகும். அதை எடுத்து, அவ்வப்போது முதல் கம்பியை அறுத்துக்கொள்ளும் லெஸ் பால் நண்பரின் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.